நெல் வண்டியா, மீன் வண்டியா

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நான் டிரைவர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். லைசென்ஸ் கொடுப்பது சர்க்கார், வண்டி கொடுப்பது முதலாளி என்பது உறைக்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை சட்டைப் பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை லாரிகள் நிறுத்தும் செட் செட்டாக ஏறி இறங்கினேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். இங்கிலீஷ் பத்திரிகையைத் தடுமாறாமல் படிப்பேன். அப்பா முதுநகருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில் அடுத்தவர் தோணிக்கு ஆளாகப் போய்வந்தார். என்னை ஏதாவது ஆபீஸில் சேர்க்க அவருக்கு ஆசை. எனக்கு ஆபீஸ் நாற்காலி என்றாலே உடம்பு அரித்தது. துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புக் கல் ஏற்றும் காண்டிராக்டரின் மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ரயில் யார்டிலிருந்து படகுத்துறை வரை, அவ்வளவுதான் அதன் உலகம். ஆனால் அந்தத் தூரத்திலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கியர் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவேன்.

வேலை தேடுகையில் எனக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஸ்டியரிங் என் கையில் இருக்க வேண்டும். இரண்டு, வண்டியில் மீன் இருக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து மீனோடு இருந்தாயிற்று, படித்துவிட்டு அதையே சுமப்பதா என்று நினைத்தேன். மீன் வண்டி டிரைவர்கள் படும் பாட்டையும் பார்த்திருந்தேன். டீக்கடைக்காரர்கள் கடைக்கு எதிரே நிறுத்தவிட மாட்டார்கள். "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று துண்டை வீசுவார்கள். டிரைவர் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்து டீ குடிப்பார். அவர் குடித்த கிளாஸைத் தனியாகக் கழுவுவதைக்கூட ஒரு கடையில் பார்த்தேன்.

ஆனால் முதலில் கதவைத் திறந்தது மீன் செட்தான். முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஐஸ் பேக்டரியை ஒட்டினாற்போல் இருந்தது. முதலாளி கனத்த ஆள். பனியனோடு நின்று ஐஸ் கட்டி உடைப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் லைசென்ஸை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"எந்த ஊரு?"

குப்பத்தின் பெயரைச் சொன்னேன்.

"அப்ப மூக்கு பழகியிருக்கும். நம்ம டிரைவர் ஒருத்தரு மாசக் கடைசியோட நின்னுக்கிறாரு. வண்டி எடுத்துக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. லைசென்ஸைப் பார்க்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்டு மூக்குக்கு வேலை கொடுக்கிறார்!

"யோசிச்சு சொல்றேங்க."

"யோசிக்கிறதுக்கு என்னா இருக்குது? சரி, போயி யோசி. ஐஸு கரையறதுக்குள்ள யோசிச்சிட்டு வா."

ஐஸ் உடைத்தவர்கள் சிரித்தார்கள். நான் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்விட்டேன்.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் எந்த லாரி யாருடையது, யாருக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே அவருக்குத் தெரிந்துவிடும். அவர்தான் என்னை ஒரு நெல் செட்டுக்கு அழைத்துப்போனார். புவனகிரிப் பக்கத்து நெல்லை விருத்தாசலம், விழுப்புரம் மில்களுக்கு ஏற்றுகிற செட். வாசலில் கோலம். லாரிகளின் நெற்றியில் மஞ்சள் பெயின்டில் சாமி பெயர். எந்த நாற்றமும் இல்லை. கோணிச் சாக்கின் வாசனை மட்டும்.

அந்த முதலாளி திருநீறு பூசி, மடித்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மேசையில் கிடந்த டயர் கம்பெனி விளம்பரத்தைக் கொடுத்து, "படிங்க தம்பி" என்றார். படித்தேன். அர்த்தமும் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நம்ம செட்ல படிச்சவன் ஒருத்தன்கூட இல்ல. திங்கக்கெழம காலையில வந்து வண்டி ஏறிடுங்க."

வெளியே வந்ததும் மாமாவின் தோளைக் குலுக்கினேன். "பாத்தீங்களா மாமா, தம்பிங்கறாரு, வாங்க போங்கங்கறாரு!"

"மரியாத தெரிஞ்ச மனுஷன்டா. அதுக்குத்தான் இங்க இட்டாந்தன்" என்றார் மாமா.

அப்போதே கடலூருக்குத் திரும்பி மீன் முதலாளியிடம் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லப் போனேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். மரியாதை என்றால் என்ன என்று அவருக்குக் காட்டவேண்டும் போலிருந்தது.

அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி ஏறச் சொன்னாரா, எடுக்கச் சொன்னாரா?"

"ஏறச் சொன்னாரு."

"அப்ப ஏறு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஐஸ்காரர்களைத் திட்டத் தொடங்கிவிட்டார். பொறாமை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் துவைத்த சட்டையோடு செட்டுக்குப் போனேன். எனக்கென்று சொன்ன வண்டி லோடோடு நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், உள்ளே ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா எஸ்.எஸ்.எல்.சி.?"

"ஆமாண்ணே. வண்டி எடுக்கச் சொன்னாரு."

"எடுக்கச் சொன்னாரா, ஏறச் சொன்னாரா?"

இரண்டாவது தடவை அதே கேள்வி.

"ஏறச் சொன்னாரு."

"அப்ப அந்தப் பக்கமா வந்து ஏறு."

விஷயம் அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கூடத் தமிழில் வண்டியில் ஏறுகிறவன் எவனாகவும் இருக்கலாம். லாரி செட் தமிழில் எடுப்பவன் டிரைவர். ஏறுகிறவன் பக்கத்தில் உட்கார்கிறவன். லைசென்ஸ் இருந்தால் அவனுக்கு இரண்டாம் டிரைவர் என்று பெயர். டயர் விளம்பரத்துக்கு அர்த்தம் சொன்ன எனக்கு இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஏறினேன். வேறென்ன செய்வது? சில நாளில் ஸ்டியரிங்கைத் தந்துவிடுவார் என்று நம்பினேன். அந்த டிரைவர் அண்ணன் நல்ல மனிதர்தான். சோற்றில் பாதி தருவார். வண்டியைத்தான் தரமாட்டார். மேட்டில் நின்றால் நான் குதித்து இறங்கி டயருக்குக் கட்டை போட வேண்டும். பாலத்தில் எதிரே வண்டி வந்தால் இறங்கிக் கை காட்ட வேண்டும். தார்ப்பாயைக் கட்ட வேண்டும், அவிழ்க்க வேண்டும். முதலாளிக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலைக்காகத்தான் என்னை எடுத்திருக்கிறார் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது.

ஒருநாள் வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நான் எப்ப வண்டி எடுக்கலாம்?"

"நான் எறங்கனதும் எடு."

"நீங்க எப்ப எறங்குவீங்க?"

"எனக்கு மின்னாடி இருந்தவரு செத்தப்புறந்தான் எறங்குனாரு. அதுக்கப்புறந்தான் நான் எடுத்தன்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னடா எஸ்.எஸ்.எல்.சி., எனக்கு ஒடம்புக்கு எப்படி இருக்குதுன்னு பாக்குறியா?"

"நல்லா கல்லு மாதிரி இருக்கீங்கண்ணே."

"அது ஒனக்குக் கெட்ட நேரம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கம்மாபுரத்துக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது அடுத்த வாரம். விருத்தாசலம் மில்லுக்கு நெல் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். வெயில் ஏறுகிற நேரம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் கிழிந்து தொங்கியது. ஸ்டெப்னி என்கிற மாற்று டயரைக் கழற்றினேன். அது கிழிந்த டயரைவிட மோசம். மேலே இருக்கும் ரப்பர் பட்டன் ஒன்று மிச்சமில்லாமல் தேய்ந்து, உள்ளே இருக்கும் கித்தான் தெரிந்தது. இந்த டயர்களை நம்பியா தினமும் உட்கார்ந்து வந்தோம் என்று தோன்றியது.

நான் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து முதலாளியிடம் பதறிக்கொண்டு சொன்னேன். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"நெல்லுதானே தம்பி? ஊசிப் போயிடுமா? வெயில்ல கெடந்தா இன்னும் நல்லா காயும். நம்ம இன்னொரு வண்டி விழுப்புரத்துலேந்து வரட்டும், அதுல ஒரு டயரு அனுப்பறேன்."

"அது எப்பங்க வரும்?"

"வரும் தம்பி. அவசரம் என்னா? ஒக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பி நன்றாகத்தான் இருந்தது.

வண்டிக்குத் திரும்பி வந்தேன். அண்ணன் கல் கூட்டி அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டோம். வண்டியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். மறுநாளும் அதே நிழல், அதே குழம்பு. அந்தச் சாலையில் போகிற கட்டை வண்டிக்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு உறவுக்காரர்கள்போல் ஆகிவிட்டார்கள். "இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

அன்று பிற்பகல் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. நாற்றம் முன்னாலே வந்தது, வண்டி பின்னால் வந்தது. முதுநகர் மீன் செட் வண்டி. டிரைவர் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்னா மாமா, கூடாரம் போட்டுட்டீங்க? நெல்லுக்குத் தண்ணி ஊத்துங்க, மொளச்சிடும்! அறுத்துட்டே போவலாம்!"

"நின்னு டீ குடிச்சிட்டுப் போடா மாப்ள" என்று அண்ணன் கத்தினார்.

"நிக்கறதுக்கு நேரம் ஏது மாமா? மீனு அழுவிப் போயிடுமே!"

நிற்காமலே போய்விட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் புது டயர். பட்டனில் விரல் வைத்தால் பாதி விரல் உள்ளே போகும். ஸ்டெப்னியும் அப்படியே.

அங்கேயே, கிழிந்த டயரின்மேல் உட்கார்ந்தபடி, எனக்கு மூளை கடகடவென்று ஓடத் தொடங்கியது. அந்தக் கனத்த முதலாளி நல்லவர் என்பதற்காகப் புது டயர் போடவில்லை. வண்டி அரை நாள் வழியில் நின்றால் லோடு முழுக்கக் குப்பைக் குழிக்குத்தான் போகும். அதனால் டயர், பிரேக், பேட்டரி எல்லாவற்றையும் அவர் பார்த்தே ஆகவேண்டும். இந்த முதலாளி கெட்டவரும் இல்லை. காப்பி கொடுக்கிறார். ஆனால் நெல் காத்திருக்கும். நெல் காத்திருப்பதால் டயரும் காத்திருக்கும், டிரைவரும் காத்திருப்பான், இரண்டாம் டிரைவர் முன்னவர் சாகும்வரை காத்திருப்பான். மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது. கரைக்கு வந்ததும் யாராவது உட்கார்ந்து எடுத்தாக வேண்டும். அங்கே 'ஏறுகிறவன்' என்று ஒருவனை வைத்து வேடிக்கை காட்ட நேரமில்லை. கம்பெனியைப் பார்த்துச் சேர்வதற்கு முன் லோடைப் பார்க்க வேண்டும் என்று ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மீன் செட்டில் அந்த இடம் காலியாக இருக்குமா? டயர் வந்து, மில்லில் லோடு இறக்கி, சிதம்பரம் திரும்பியதும் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "கடிதாசி படிக்க யாரும் இல்லியே தம்பி" என்று அவர் வருத்தப்பட்டார்.

முதுநகர் செட்டில் எனக்கு முன்பே ஒரு ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதராஸ் லைனில் ஓட்டியவராம். முதலாளி என்னைப் பார்த்து, "என்னா, நெல்லு கசந்துடுச்சா?" என்றார்.

"வண்டி எடுக்க வந்திருக்கேங்க" என்றேன். எடுக்க என்பதை அழுத்திச் சொன்னேன்.

"இவருந்தான் எடுக்க வந்திருக்காரு. இருக்கறது ஒரு வண்டி. வண்டிய ரிவர்ஸ்லயே எடுத்து மீன் ஏலம் போடற எடம் வரைக்கும் கொண்டாந்து நிறுத்துங்க, பாப்போம். நீங்க மொதல்ல" என்று மூத்தவரைக் காட்டினார்.

ஏலம் போடுமிடத்துக்குப் போகும் வழி ஒரு லாரி அகலம்தான். இரண்டு பக்கமும் பெண்கள் கூடை கூடையாக மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். மதராஸ்காரர் நன்றாக ஓட்டினார். ஆனால் பாதி தூரத்தில் பெண்கள் எழுந்திருக்கவில்லை. அவர் ஹாரன் அடித்தார். ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் நீளமாக அடித்தார்.

"எவன்டா அவன் சங்கு ஊதறவன்? எந்த வூட்ல எழவு?" என்று ஒரு குரல் வந்தது. பிறகு எல்லாக் குரல்களும் வந்தன. அவர் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. வண்டியைப் பாதியிலிருந்தே முன்னால் எடுத்துக் கொண்டுவந்துவிட்டார்.

என் முறை. பின்னால் எடுத்துக்கொண்டே ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டேன். ஹாரனைத் தொடவே இல்லை.

"சித்தி, கூடைய இழு! அக்கா, கால பாத்துக்க! அத்த, கொஞ்சம் எழுந்திரேன், ஒனக்குப் புண்ணியமா போவும்!"

"ஏண்டா, அத்தைன்னா எழுந்துடுவனா?"

"எழுந்திருக்காட்டி வண்டி ஒம் மடியிலதான் ஒக்காரும்."

சிரிப்பும் திட்டுமாக வழி விட்டார்கள். முழுக்க விட்டதாக நான் நினைத்தது தப்பு. கடைசியில் மளுக்கென்று ஒரு சத்தம். டயருக்கடியில் ஒரு கூடை அப்பளமாகிவிட்டது. நல்ல வேளை, காலிக் கூடை.

"அடப் பாவி! ஒங்கப்பனா மொடஞ்சான் அந்தக் கூடைய?"

"வேற கூட வாங்கித் தரேன் அத்த!"

"கூடையும் வேணாம், நீயும் வேணாம். அத்த அத்தன்னு சொல்லிட்டுப் பொண்ணு கேட்டு வந்துடப் போற!"

ஏலக்காரர்கூட ஏலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முதலாளி வந்து கூடையைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"கூட ஒடையும். சாயங்காலம் லோடு இருக்குது, கும்பகோணத்துக்கு. எடுத்துக்க" என்றார். மதராஸ்காரர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஏற்கனவே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

சாயங்காலத்துக்குள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் பெரிய பயம். மீன் வேண்டாம் என்றுதானே படிக்கவைத்தார். குப்பத்துக்கு ஓடினேன். அப்பா மணலில் வலையை விரித்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எதிரே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"மீன் வண்டிதான்ப்பா. நீ வேணான்னு சொல்லுவ, தெரியும்."

"நான் எப்ப வேணான்னன்?"

"மீன் நாத்தம் வேணான்னுதானே படிக்க வெச்ச?"

"அது நீ சொல்லிக்கினு திரிஞ்சது." பாசியை உதறினார். "எனக்கு என்னா நாத்தம்? நான் அடுத்தவன் தோணியில ஒக்காந்து, அவன் போன்னா போயி, வான்னா வந்து கெடக்கறன். நீ அப்பிடி கெடக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புனன். லாரி ஒன்னோடதா?"

"இல்லப்பா. மொதலாளியுது."

"அப்பறம் என்னா பெருசா?"

இருந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

"ஓட்டும்போது பக்கத்துல யாரும் இல்லப்பா."

அவர் வலையின் அடுத்த பக்கத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா, விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பசியோட போவாத. உள்ள சோறு இருக்குது, தின்னுட்டுப் போ" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் லோடு ஏறியது. கூடைமேல் கூடை, நடுவில் ஐஸ், மேலே ஓலைப் பாய். கிளீனர் மேலே பாயின்மேல் படுத்துக்கொண்டார். இடப்பக்க சீட் காலியாக இருந்தது. அதில் என் துண்டையும் தண்ணீர்க் கூஜாவையும் வைத்தேன். வண்டியை எடுத்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல் வண்டியில் கேட் மூடினால் அண்ணனும் நானும் இறங்கிக் காலாற நடப்போம். சில சமயம் ரயில் போன பிறகும் பேசிக்கொண்டு நிற்போம். அன்று நான் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டிக்கடியில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இறங்கி ஓடினேன்.

"அண்ணே, ரயிலு எங்க வருது? மீனுண்ணே, மீனு!"

கேட்காரர் விளக்கைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மீனுக்காவ ரயில நிறுத்தச் சொல்றியா?"

"ஜாஸ்தி நேரம் ஆவுமான்னு கேட்டேன்."

"புதுசா?"

"ஆமாண்ணே. இன்னைக்குத்தான் மொத வண்டி."

"அதான். பழைய ஆளுங்க வண்டியில இருந்தபடியே திட்டுவானுங்க. போ, போயி வண்டியில ஒக்காந்து திட்டு."

ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தேன். ரயில் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. கடைசிப் பெட்டி தாண்டுவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட்டேன்.